ஊர் கூடி எழுதும் மென்பொருள்: பலன் என்ன, பயம் என்ன?

சென்ற மாதம் நம் டிரஸ்ட் கூட்டத்துக்குக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் நான்கைந்து பேர் ஒரு யோசனையோடு வந்திருந்தார்கள். கல்வி உதவித்தொகை விண்ணப்பம், மருத்துவ உதவி, ஆதரவற்ற பெண்களுக்கான மாத உதவி எல்லாமே இன்னும் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. ஒரே குடும்பத்தின் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. போன வருடம் யாருக்குக் கொடுத்தோம் என்று தேட அரை நாள் ஆகிறது. “இதற்கெல்லாம் ஒரு ஆப் செய்துவிடலாம். நாங்கள் கொஞ்சம் எழுதுகிறோம். மீதியை இன்டர்நெட்டில் போட்டால், உலகம் முழுக்க இலவசமாக எழுதித் தர ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பைசா செலவில்லை” என்றார்கள்.

எல்லோருக்கும் சந்தோஷம்தான். அப்போது மூத்தவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, எழுதப் போகிறவர் யார் என்றே தெரியாது என்கிறாய். அதற்குள் நம் ஊர்ப் பெண்களின் பெயரும் போன் நம்பரும் கஷ்டமும் இருக்கும். நாளைக்கு ஒன்று ஆகிப்போனால் யாரிடம் போய்க் கேட்பது?”

அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. பிள்ளைகள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, பெரியவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை. வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இருந்தால், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வாய்க்கால் தூர்வாருவது போல

பலர் சேர்ந்து மென்பொருள் எழுதுவது என்றால் என்ன? நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க அதிகம் சிரமப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர்வாருவார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். வேலை பெரிது, ஆனால் ஆளுக்குப் பத்தடி என்று பிரித்துக்கொண்டால் ஒரு நாளில் முடிந்துவிடும்.

மென்பொருளிலும் அப்படித்தான். செய்ய வேண்டிய வேலையைப் பொதுவில் அறிவித்து, விருப்பமுள்ளவர்கள் ஆளுக்கொரு பகுதியை எழுதித் தருவதை ‘கிரவுட்சோர்சிங்’ என்கிறார்கள். 2006-ல் ஜெஃப் ஹவ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இந்தச் சொல்லைப் பரப்பினார். ஆனால் வழக்கம் அதற்கும் முந்தியது. 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ் பல நாட்டு ஆட்களின் கைபட்டு வளர்ந்தது. நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளமும் அந்த லினக்ஸ்தான். ஆக, பலர் சேர்ந்து எழுதியது என்பதற்காகவே ஒன்றை ஒதுக்கிவிட முடியாது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தூர்வார ஊரே வரலாம். மதகின் ஷட்டரைத் திறக்கும் சாவி லஸ்கரிடம்தான் இருக்கும். யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று விட்டால் தலைமடை வயல் மூழ்கும், கடைமடை வயல் காயும். மென்பொருளில் வரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை மண்வெட்டி பிடித்தவர்களால் வருபவை அல்ல. சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்க்காததால் வருபவை.

நம் கண்முன் நடந்த நல்ல காரியங்கள்

1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ பற்றிப் பலருக்குத் தெரியாது. சுவிட்சர்லாந்தில் இருந்த பேராசிரியர் கல்யாணசுந்தரம் முன்நின்று தொடங்கியது. பழைய தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைப்பது நோக்கம். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஈமெயில் வழியாகவே வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் தட்டச்சு செய்வார், இன்னொருவர் பிழை பார்ப்பார். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை இன்று நாம் போனிலேயே படிக்க முடிகிறதென்றால், முகம் தெரியாத அந்த ஆட்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டியதும் இப்படித்தான்.

மனதைத் தொடும் இன்னொரு உதாரணம் இலங்கையிலிருந்து. 2004 டிசம்பர் 26 சுனாமியை நாம் மறக்க முடியாது. நம் பக்கத்து நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இலங்கையில் 30,000-க்கும் அதிகம். உதவிப் பொருள்கள் வந்து குவிந்தன. ஆனால் எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது என்பதற்கு ஒழுங்கான கணக்கில்லை. ஒரு முகாமுக்கு இரண்டு தடவை துணி போகும், அடுத்த முகாமுக்குத் தண்ணீர்கூடப் போகாது. அப்போது அந்நாட்டு மென்பொருள் இளைஞர்கள் தன்னார்வமாகக் கூடி ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அதற்கு ‘நிவாரணம்’ என்று பொருள். காணாமல் போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு, தேவைகளின் பட்டியல் ஆகியவை அதில் இருந்தன. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹைட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவசரத்தில் எழுதியதை அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. சுவீடன் அரசின் உதவி நிறுவனத்திடம் நிதி பெற்று, பிற நாடுகளும் பயன்படுத்தும் விதமாக விரிவாக்கினார்கள். பின்னர் அதைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தனி அறக்கட்டளை ஏற்பட்டது. பலர் எழுதினார்கள், பொறுப்பேற்க ஒரு வீடு இருந்தது.

எங்கே தவறுகிறது?

முதல் ஆபத்து, ‘யாராவது பார்த்திருப்பார்கள்’ என்ற நினைப்பு. பாதுகாப்பான இணையத் தொடர்புக்கு உலகம் முழுக்கப் பயன்படும் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்ற மென்பொருளில் 2014 ஏப்ரலில் பெரிய ஓட்டை இருப்பது தெரியவந்தது. ‘ஹார்ட்பிளீட்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 2012-லிருந்தே அந்த ஓட்டை இருந்திருக்கிறது. கோட் எல்லோரும் பார்க்கும்படி திறந்துதான் கிடந்தது. ஆனாலும் இரண்டு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. பெரிய பெரிய நிறுவனங்கள் நம்பியிருந்த அந்த வேலையைப் பார்த்துக்கொண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். பொதுக் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் எடுத்தார்கள், கயிறு நைந்ததை யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவது, நல்லவர் போல உள்ளே வருபவர். ‘எக்ஸ்இசட்’ என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள். அதை நெடுங்காலமாகத் தன்னார்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர், அவரும் உடலும் மனமும் சோர்ந்திருந்தார். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பிலும் பங்கு பெற்றார். பிறகு பிறர் கம்ப்யூட்டருக்குள் நுழையும் கள்ளக் கதவு ஒன்றை அதில் ஒளித்து வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், வழக்கமான ஒரு லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆராய்ந்ததால்தான் அது வெளிப்பட்டது. அந்த ‘ஜியா டான்’ உண்மையில் யார் என்பது வெளிவரவே இல்லை. நம் பெரியவர் கேட்ட கேள்வி உலகத்தின் கேள்வியாகவே இருந்திருக்கிறது.

மூன்றாவது, பாதியில் நின்றுபோவது. 2016 மார்ச்சில் ஒருவர் கோபத்தில் தாம் எழுதிய பதினொரு வரிக் கோடை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். ‘லெஃப்ட்பேட்’ என்ற அந்தச் சின்னத் துண்டை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள் வேலைகள் அன்றைக்குத் தடைப்பட்டன. நல்லெண்ணத்தோடு செய்பவர்களுக்கும் வாழ்க்கை இருக்கிறது. நம்மிடம் கோட் எழுதும் பிள்ளைக்கு நாளை சென்னையிலோ துபாயிலோ வேலை கிடைக்கும், கல்யாணமாகும். பிறகு ஆப் திறக்கவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது?

முறையாக நிறுத்தியவர்களும் உண்டு. கொரோனா காலத்தில் மாநிலவாரியாகத் தொற்றுக் கணக்கைக் கொடுத்த ‘கோவிட்19இந்தியா’ தளம் முழுக்கத் தன்னார்வலர்களால் நடந்தது. மாநில அரசுகளின் அறிவிப்புகளைப் பார்த்து, சரிபார்த்து, பொதுவான ஷீட்டில் ஏற்றுவார்கள். 2021 அக்டோபர் 31-ஓடு நிறுத்தப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்தினார்கள். சேர்த்த கணக்கையும் திறந்தே வைத்தார்கள். விலகுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதற்கு அது பாடம்.

நான்காவது, எழுதியது யாருக்குச் சொந்தம் என்பது. நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி மென்பொருளும் ஒரு எழுத்துப் படைப்புதான். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால் பொதுவாக உரிமை முதலாளிக்கு. இலவசமாக எழுதித் தருபவர் விஷயத்தில் உரிமை எழுதியவருக்கே. ‘டிரஸ்டுக்குத்தானே எழுதினேன்’ என்ற வாய்வார்த்தை போதாது, எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். கால அளவைக் குறிப்பிடாமல் எழுதிக்கொடுத்தால் சட்டம் அதை ஐந்தாண்டு என்றே எடுத்துக்கொள்ளும். எழுதியவர் இன்னொருவரின் கோடை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் அந்த வில்லங்கமும் நம்மிடம் வரும்.

ஐந்தாவது, எல்லாவற்றையும்விடப் பெரியது, நம்மிடம் தந்த விவரம். உதவி கேட்டு வரும் ஒரு பெண் தன் வீட்டு நிலைமையைச் சொந்த அண்ணனிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார், நம்மிடம் சொல்கிறார். அது அமானிதம். அது ஒரு லிங்க்கில் கசிந்து நாலு வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றினால், திரும்ப வாங்க முடியாது. பணம் போனால் வசூலித்துக் கொடுத்துவிடலாம், மானம் போனால் எதைக் கொடுப்பது? 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று வாங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் விவரம் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். காப்பாற்றும் பொறுப்பு வாங்கியவருக்கு.

அப்படியென்றால் வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையில் நம்மைப் போன்ற சிறிய அமைப்புக்குப் புது ஆப் எழுதுவது முதல் தேவையே இல்லை. ஒன்றாக வேலை செய்வதற்கான கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை ஒழுங்காகப் பிடித்தால் முக்கால் வேலை முடிந்துவிடும்.

கூகுள் ஷீட் போன்ற பொதுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பூதலூரில் இருக்கும் செயலாளரும், தஞ்சாவூரில் இருக்கும் கணக்காளரும், குவைத்திலிருந்து ஜகாத் அனுப்பும் சகோதரரும் ஒரே தாளை ஒரே நேரத்தில் பார்க்கலாம். ‘கடைசி லிஸ்ட்’, ‘புது கடைசி லிஸ்ட்’ என்று வாட்ஸ்அப்பில் ஏழு கோப்புகள் சுற்றாது. யார், எந்தத் தேதியில், எந்தக் கட்டத்தை மாற்றினார் என்பது ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் பதிவாகும். தவறுதலாக அழித்துவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். நோட்டுப் புத்தகத்தில் கிழிந்த பக்கம் திரும்ப வராது.

ஒவ்வொருவருக்கும் எவ்வளவு அதிகாரம் என்றும் பிரிக்கலாம். பார்க்க மட்டும் ‘வியூவர்’, கருத்துச் சொல்ல மட்டும் ‘கமெண்டர்’, மாற்ற ‘எடிட்டர்’. தூர்வாருபவரும் லஸ்கரும் வேறு வேறு என்று மேலே சொன்னோமே, அந்த வித்தியாசம் இங்கே ஒரு பட்டனாகவே இருக்கிறது.

கோட் எழுதும் பிள்ளைகளுக்கு ‘கிட்’ இருக்கிறது. லினக்ஸைத் தொடங்கிய அதே டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. ‘கிட்ஹப்’ போன்ற தளங்கள் அதன்மேல் கட்டப்பட்டவை. யாரும் ஒரு திருத்தத்தை எழுதி அனுப்பலாம். பொறுப்பாளர் படித்துப் பார்த்துச் சம்மதித்தால்தான் அது சேரும். ஒவ்வொரு வரியையும் யார் பெயரில், எப்போது சேர்த்தார்கள் என்று பத்து வருடம் கழித்தும் பார்க்கலாம். திண்ணையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளை பெங்களூர்ப் பொறியாளரிடம் தன் பிழையைத் திருத்திக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் இதில் இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியூர் போக முடியாத நம் பெண் பிள்ளைகளுக்கு இது சாதாரண விஷயமல்ல.

நாம் கடைப்பிடிக்கப் போவது

கூட்டத்துக்குப் பிறகு பெரியவர்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசிச் சில முடிவுகள் எடுத்தோம். மற்ற ஊர் அமைப்புகளுக்கும் உதவலாம் என்பதால் இங்கே தருகிறோம்.

1. இந்த வருடம் ஆப் இல்லை. உதவித்தொகைப் பட்டியல் பொதுத் தாளில் மட்டும் இருக்கும். ‘லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்’ என்ற வசதி அணைக்கப்பட்டிருக்கும். பெயர் குறிப்பிட்டுச் சேர்த்தவர் மட்டுமே திறக்க முடியும்.

2. கணக்கு டிரஸ்ட் பெயரில் இருக்கும், தனி ஆளின் ஈமெயிலில் இருக்காது. சாவி இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கும். பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பும் கட்டாயம். பொறுப்பு மாறினால் அன்றைக்கே அனுமதி நீக்கப்படும்.

3. தேவையில்லாததை வாங்கமாட்டோம். ஆதார் எண் முழுதாக வேண்டாம். அடையாளத்துக்கு அவசியமென்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ போதும். ஆதார் இணையதளத்திலேயே அது கிடைக்கும். உதவி பெறுவோர் பட்டியலில் பெயருக்குப் பதில் வரிசை எண்தான் இருக்கும். பெயர் தனித் தாளில், இரண்டு பேர் பார்வையில் மட்டும்.

4. பிள்ளைகள் ஆப் எழுதிப் பழகட்டும். கற்பனைப் பெயர்களையும் கற்பனை எண்களையும் போட்டுப் பழகட்டும். உண்மைப் பட்டியல் எந்தக் காரணத்துக்காகவும் வெளி ஆளிடம் போகாது. வெளியிலிருந்து கோட் வந்தால் பாடம் தெரிந்த இருவர் படித்த பிறகே சேர்க்கப்படும்.

5. எழுதித் தருபவர் டிரஸ்டுக்கு உரிமை தந்து ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்திடுவார். எப்படி இயக்குவது என்று தமிழில் இரண்டு பக்கக் குறிப்பும் தருவார். அவர் ஊரைவிட்டுப் போனாலும் அடுத்தவர் எடுத்து நடத்த அது உதவும்.

6. மாதம் ஒருமுறை பட்டியலின் பிரதி ஒன்று எடுக்கப்பட்டு அலுவலகப் பீரோவில் வைக்கப்படும். கரண்ட் போனாலும் நெட் போனாலும் உதவி நிற்காது.

வேலை தேடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

இணையத்தில் பலரிடம் பிரித்துக்கொடுக்கும் மென்பொருள் வேலையில் சம்பாதிக்கவும் முடியும். 2001-ல் தொடங்கிய ‘டாப்கோடர்’ போன்ற தளங்களில் போட்டியாக வேலை தருவார்கள். ஆனால் வென்றவருக்குத்தான் பணம். பத்து நாள் உழைத்துத் தோற்றால் கிடைப்பது அனுபவம் மட்டும். அதைத் தெரிந்து இறங்கினால் தவறில்லை.

நேர்மையான வேலையில் யாரும் முன்பணம் கேட்க மாட்டார்கள். ‘டெபாசிட் கட்டு, டாஸ்க் தருகிறோம்’ என்றால் அது மோசடி. முதலில் சின்னத் தொகையைத் திருப்பித் தந்து ஆசை காட்டுவார்கள், பிறகு பெரிய தொகையோடு காணாமல் போவார்கள். ‘தேர்வு’ என்று ஒரு கோப்பை அனுப்பி உங்கள் கம்ப்யூட்டரில் ஓடவிடச் சொல்பவர்களிடமும், உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. கணக்கைக் கொடுத்த பிள்ளைதான் முதலில் போலீஸ் விசாரணையில் நிற்கும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். பிள்ளை பயந்து உங்களிடம் சொல்லாமல் இருப்பதுதான் திருடனுக்கு லாபம். அதனால் திட்டுவதை இரண்டு நாள் தள்ளிவையுங்கள்.

“ஒன்று ஆகிப்போனால் யாரிடம் போய்க் கேட்பது?” என்று பெரியவர் கேட்டாரல்லவா? இப்போது பதில் இருக்கிறது. அலுவலகச் சுவரில் இரண்டு பொறுப்பாளர்களின் பெயர் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. அவர்களிடம் கேட்கலாம். உங்கள் குடும்பத்தின் விவரம் எங்களிடம் என்ன இருக்கிறது என்று எந்த வியாழக்கிழமை மாலையும் வந்து பார்க்கலாம். தவறிருந்தால் திருத்தச் சொல்லலாம், தேவையில்லாததை நீக்கச் சொல்லலாம். கோட் எழுதத் தெரிந்த பிள்ளைகளும் வரலாம். மண்வெட்டி எடுக்க எத்தனை பேர் வந்தாலும் இடமிருக்கிறது.